"இந்த ஆண்டு இல்லை"

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்கும் தெருவில் குடியிருந்துகொண்டு, மது வகையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாரே என்று சங்க அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கள்ளுண்ணாமைக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு பொருள் எப்படிச் செய்யப்படுகிறது, அதன்மேல் ஓர் ஆண்டை எழுதுவதற்கு என்ன தகுதி வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள், விமான நிலையக் கடையில் ஆண்டு அச்சிட்ட ஷாம்பெயின் புட்டியின் விலையைப் பார்த்துவிட்டு வந்து, "திராட்சைச் சாறும் சோடா கேசும்தானே அங்கிள், இதற்கா இவ்வளவு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கோலி சோடாவில் வாயுவை வெளியிலிருந்து ஏற்றுகிறோம். ஷாம்பெயினில் அது புட்டிக்குள்ளேயே பிறக்கிறது. விலையின் ரகசியம் அங்கேதான் தொடங்குகிறது.

பதநீர் இறக்குகிறவர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதை நாகர்கோவில் பக்கத்தவர் அறிவார்கள். தடவாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, சாராயமும் கரியமில வாயுவும் உண்டாக்கி, பதநீரைக் கள்ளாக்கிவிடும். கள்ளில் பொங்கும் நுரையும் ஷாம்பெயின் நுரையும் ஒரே வாயுதான். ஒன்று திறந்த பானையிலிருந்து பறந்துபோகிறது. மற்றொன்று கண்ணாடிக்குள் சிறைப்பட்டிருக்கிறது.

பிரான்சின் வடகிழக்கே, ரேம்ஸ், எபெர்னே நகரங்களைச் சுற்றியுள்ள சுண்ணக்கல் பூமியே ஷாம்பெயின் நாடு. ஷார்தொனே, பினோ நுவார், மெனியே ஆகிய மூன்று திராட்சைகளே முக்கியமானவை. பின்னிரண்டும் கறுப்புத் திராட்சை. தோலின் நிறம் சாற்றில் இறங்காமல் மெதுவாகப் பிழிய வேண்டும் என்பதால், இயந்திரத்தால் பறிக்காமல் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக் கூடாது என்பதும் சட்டம். இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிழிந்தால் சாறு வரும், தரம் போய்விடும்.

முதலில் சாறு தொட்டியில் புளித்து, நுரையில்லாத சாதாரண திராட்சை மதுவாகிறது. பல தோட்டத்து மதுக்களை நாவால் சோதித்துக் கலக்கிறார்கள். பிறகு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் சிறிது ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்து, சோடா மூடி போன்ற ஒரு மூடி போட்டு, நிலவறையில் படுக்க வைக்கிறார்கள். உள்ளே இரண்டாம் முறை புளிக்கிறது. வாயுவுக்கு வெளியேற வழியில்லை. அழுத்தம் ஏறத்தாழ 6 வளிமண்டல அளவுக்கு உயர்கிறது. என் தொழில் கணக்கில் சொன்னால், நம் ரயில் பெட்டிகளின் ஏர் பிரேக்கில் ஃபீட் பைப்பில் நாங்கள் வைத்திருக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ. இரும்புக் குழாயில் நாங்கள் அடைத்து வைத்ததை அவர்கள் கண்ணாடியில் அடைத்து வைக்கிறார்கள்! பழைய காலத்தில் புட்டிகள் சரம் சரமாய் வெடிக்கும். நிலவறைத் தொழிலாளர்கள் முகத்தில் இரும்புக் கவசம் அணிந்துதான் உள்ளே போவார்களாம்.

இதைக் கண்டுபிடித்தவர் தோம் பெரிஞோன் (1638–1715) என்ற துறவி என்பது அழகான கதை. உண்மையில் அவர் நுரை வராமலிருக்கத்தான் பாடுபட்டார். மதுவில் சர்க்கரை சேர்த்து நுரை வரவழைப்பதைப் பற்றி 1662லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் எழுதிப் படித்திருக்கிறார்.

வேலை முடிந்த ஈஸ்ட் செத்து வண்டலாகப் படிகிறது. அந்த வண்டலோடு எத்தனை காலம் கிடக்கிறதோ அத்தனை மணம் ஏறும். புதிதாகச் சுட்ட ரொட்டியின் மணம் என்கிறார்கள். ஆனால் குடிக்கும்போது வண்டல் இருக்கக் கூடாதே! இதற்கு வழி கண்டது ஒரு பெண்மணி. பார்ப்-நிக்கோல் கிளிக்கோ, 1805ல் 27 வயதில் கணவரை இழந்து, வியாபாரத்தைத் தாமே ஏற்று நடத்தியவர். 1816 வாக்கில் அவருடைய நிலவறையில் துளையிட்ட பலகையில் புட்டிகளைத் தலைகீழாகச் சொருகி, தினமும் சிறிது சிறிதாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்கு இறக்கும் முறை உருவாயிற்று. கையால் செய்தால் இதற்கு நாலைந்து வாரம் பிடிக்கும்; இப்போது பெரும்பாலும் இயந்திரம் ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறது. பிறகு கழுத்தை மட்டும் உறைய வைத்து, மூடியைத் திறந்தால் வண்டல் பனிக்கட்டியாகத் தெறித்து விழுகிறது. குறைந்த அளவை நிரப்பி, கார்க்கு அடைத்து, கம்பி கட்டுகிறார்கள். தெளிந்த மதுவுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் தேறல். யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடியிருக்கிறார். பொருள் அந்நியமானாலும் அதற்கான சொல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண ஷாம்பெயின் பல ஆண்டு மதுக்களின் கலவை. அதில் ஆண்டு போடுவதில்லை. புட்டியில் அடைத்துப் பதினைந்து மாதங்களுக்குப் பின் விற்கலாம். ஆண்டு போட்டதோ முழுக்க முழுக்க அந்த ஆண்டு அறுவடையிலிருந்தே வர வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் இன்னும் பல ஆண்டுகள் காக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டு நன்றாக அமையாவிட்டால் அந்த ஆண்டின் பெயரில் புட்டியே வராது. சலோன் என்ற நிறுவனம் 20ஆம் நூற்றாண்டு முழுவதிலும் 37 ஆண்டுகளின் பெயரில் மட்டுமே மது வெளியிட்டது. மற்ற ஆண்டுகளில் வாடிக்கையாளரிடம் அவர்கள் சொன்ன பதில், "இந்த ஆண்டு இல்லை" என்பதுதான்.

இந்த நேர்மை அவர்களுக்குப் பிறவியிலேயே வந்துவிடவில்லை. 1910ல் விளைச்சல் பொய்த்தது. வியாபாரிகள் சிலர் வெளி மாகாணத்துத் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெயின் என்ற பெயரிலேயே விற்றார்கள். 1911ல் குடியானவர்கள் கொதித்தெழுந்து, ஆயி என்ற ஊரில் மதுக் கிடங்குகளுக்குத் தீ வைத்தார்கள், ராணுவம் வந்தது. எல்லை எது, ரகம் எது என்று சட்டம் வகுத்து முடிக்க 1927 வரை ஆயிற்று. பட்டபின் வந்த புத்தி அது.

நம் நாட்டிலும் இதே முறையில் செய்து பார்த்தவர்கள் உண்டு. புனே அருகே நாராயண்காவில் சாம்ராவ் சௌகுலே, 1980களில் பிரெஞ்சு நிபுணர்களின் துணையோடு நுரை மது தயாரித்து, ஒமர் கய்யாம் என்ற பெயரில் வெளிநாட்டுக்கும் அனுப்பினார். அந்த நிறுவனம் பின்னாளில் கடனில் நொடித்துவிட்டது.

ரயில் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் ஒரு தேதி எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். எந்தப் பணிமனையில் எப்போது முழுப் பழுதுபார்ப்பு நடந்தது, மறுபடி எப்போது வர வேண்டும் என்பதே அது. நான் வேலை பார்த்த ஒரு பணிமனையில், அவசரத் தேவையின்போது, "வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தேதியை மட்டும் எழுதி அனுப்புங்கள்" என்று மேலிருந்து சொன்னார்கள். எங்கள் ஃபோர்மன் பெயிண்ட் டப்பாவைத் தம் மேஜை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அன்று வண்டி ஒரு பெட்டி குறைவாகத்தான் போயிற்று. பயணிகள் திட்டினார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் பிறகு எழுதிய தேதி மெய்யான தேதி. ஆண்டு எழுதிய ஷாம்பெயினைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார்.

ஊரை விட்டு வந்த நமக்கு இதில் என்ன அக்கறை என்றால், நமக்குத்தான் மிக அதிகம். இங்கே பிறந்த நம் பேரப்பிள்ளைகளுக்குக் கோவில்பட்டி என்பது கடலை மிட்டாய்ப் பொட்டலம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது பால்கோவா டப்பா. ஊரை அவர்கள் அறிவது பெயர்ச்சீட்டின் வழியாகத்தான். பால்கோவாவுக்கு 2019லும், கடலை மிட்டாய்க்கு 2020லும், கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023லும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஷாம்பெயினுக்குள்ள அதே வகை உரிமை இது. ஆனால் உரிமைப் பத்திரம் மட்டும் காவல் காக்காது. எங்கோ கிண்டிய பால் இனிப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சீட்டு ஒட்டினால், "பெயர் எதுவானால் என்ன, இனித்தால் சரி" என்று நாம் வாங்கிக்கொள்கிறோம். அந்த ஒவ்வொரு பொட்டலமும் அங்கே விறகடுப்பின் முன் நின்று பால் காய்ச்சுகிறவரின் கூலியிலிருந்து எடுத்தது.

என் தாழ்மையான யோசனை இரண்டு. சாலைக் கடைத்தெருவில் ஊர்ப் பெயர் சொல்லி விற்கும் எதை வாங்கினாலும், செய்த இடம் எது என்று சீட்டைத் திருப்பிப் படியுங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். நம் சங்க விழாக்களில் பலகாரக் கடை போடுகிறவர்கள், வந்த ஊரை உள்ளபடி எழுதட்டும். இங்கே செய்த அல்வாவை "பழவங்காடி அல்வா" என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்? நன்றாக இருந்தால் அந்தப் பெயரே நாளை நிற்கும்.

கடைக்காரர் "நல்ல மட்டிப் பழம் இந்த வாரம் வரவில்லை சார்" என்று சொன்னால், அலுத்துக்கொள்ளாமல் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் அவரிடமே போய் வாங்குங்கள்.