எண்ணெய் பாரம் குறைவு என்பது பதில் அல்ல

எண்ணெயும் தண்ணீரும் ஏன் கலப்பதில்லை என்று தரம் 10 பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "எண்ணெய் பாரம் குறைவு டீச்சர், அதுதான் மேலே மிதக்குது" என்பார்கள். இன்னும் சிலர் "ரெண்டுக்கும் ஒத்துவராது" என்பார்கள். இரண்டுமே கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல. ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் "சரி" என்று கடந்து போய்விடுகிறோம். அப்படிக் கடந்து போகக்கூடாது என்பதுதான் எனது கருத்து.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.92. எதனோலுக்கு 0.79, அதாவது எண்ணெயை விடவும் குறைவு. ஆனாலும் அது தண்ணீரோடு எந்த அளவிலும் முழுதாகக் கலக்கும். பாமசியில் வாங்கும் கிளிசரினுக்கு 1.26. ஊற்றியதும் அடியில் போய் இருக்கும், கலக்கினால் அதுவும் முழுதாகக் கலந்துவிடும். ஆகவே, யார் மேலே யார் கீழே என்பதைத்தான் அடர்த்தி தீர்மானிக்கிறது. கலப்பதா இல்லையா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கான விடை மூலக்கூறுகளின் கவர்ச்சியில் இருக்கிறது. நீர் மூலக்கூறில் ஒட்சிசன் பக்கம் சிறிதளவு மறை ஏற்றம், ஐதரசன் பக்கம் சிறிதளவு நேர் ஏற்றம். ஒன்றின் ஐதரசன் பக்கத்து மூலக்கூறின் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் ஐதரசன் பிணைப்பு. எதனோலிலும் கிளிசரினிலும் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த OH கூட்டம் இருப்பதால் அவையும் இந்தக் கைகோர்ப்பில் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் மூலக்கூறின் பெரும்பகுதி காபனும் ஐதரசனும் கோத்த நீண்ட சங்கிலி. அதில் பிடிக்கக் கை இல்லை. அதற்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால் நீர் தன் பிணைப்புகளைக் குழப்பிக்கொள்ள வேண்டும், பதிலுக்கு அதே அளவு பிடிமானம் கிடைக்காது. அதனால் நீர் நீரோடு சேர்ந்துகொள்கிறது, எண்ணெய் வெளியே நிற்கிறது.

இதில் வெறுப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலும் கவர்ச்சி உண்டு. நீருக்கும் நீருக்கும் இடையில் உள்ளதை விட அது பலவீனமானது, அவ்வளவுதான். பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனின் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றியபோது, அது பரவி ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பின் அலைகளை அடக்கியது. 1774இல் அது பிரசுரமானது. நீர் எண்ணெயைத் தள்ளிவிடும் என்றால் எண்ணெய் உருண்டு திரண்டு நின்றிருக்க வேண்டும். எண்ணெய் மூலக்கூறில் ஒட்சிசன் உள்ள முனையை நீர் பிடித்து இழுத்ததால்தான் அது அவ்வளவு தூரம் பரவியது.

"இதெல்லாம் சோதனைக்குத்தானே" என்று நினைக்காதீர்கள். தாச்சியில் எண்ணெய் தீப்பிடித்தால் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் எண்ணெயோடு கலக்காது, பாரமும் கூட. நேரே அடிக்குப் போகும், அந்தச் சூட்டில் கணத்தில் ஆவியாகும். ஆவியானால் அதன் கனவளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். எரிகிற எண்ணெயைத் தூக்கி முகத்தில் எறியும். காஸை நிறுத்தி, தாச்சியை மூடியால் மூடுவதுதான் வழி. மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் விடை விளங்கிய பிள்ளை இதை ஒருபோதும் மறக்காது.

நோன்பு காலத்தில் சமுசா, ரோல்ஸ், கட்லட் பொரித்த எண்ணெயை வடிகானில் ஊற்றுகிறோம். "சவர்க்காரத் தண்ணி போகுதுதானே, கழுவிட்டுப் போயிரும்" என்கிறார்கள். சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை நீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெய்க்குள் போகும். பீங்கானில் ஒட்டிய எண்ணெயை எடுக்க அது போதும். ஆனால் வடிகானில் தண்ணீர் கூடக்கூட அந்தப் பிடி தளரும். எண்ணெய் திரும்பவும் ஒன்றுசேர்ந்து சுவரில் படியும், குப்பையைப் பிடித்து வைக்கும். மழைக்கு வடிகான் நிரம்பி வீதிக்கு வந்த பிறகு யாரைக் குறை சொல்வது? ஆறவிட்டு, பழைய போத்தலில் ஊற்றி மூடி, குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: "பாரம் குறைவு" என்று மட்டும் எழுதினால் முழுப்புள்ளி போடாதீர்கள். "அப்போ எதனோல் ஏன் கலக்குது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

உம்மா வாப்பாமாரிடம் இன்னொன்று: மூன்று கிளாஸில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் கிளிசரின், மற்றதில் எண்ணெயும் இரண்டு சொட்டு சவர்க்காரத் திரவமும் விட்டு, பிள்ளையையே கலக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து மூன்றையும் பார்த்துவிட்டு, ஏன் என்று அதுவே சொல்லட்டும். பாடமாக்கிய வரி மறந்து போகும், தன் கையால் கலக்கிப் பார்த்தது மறக்காது.