வாசித்துக் காட்டாத கணக்கு

எதையும் இயந்திரத்தில் ஏற்றிவிட்டால் அது ஜனநாயகமாகிவிடும் என்ற மூடநம்பிக்கை நம்மிடையே பரவிவிட்டது. இடைத்தரகன் ஒழிந்தான், லஞ்சம் ஒழிந்தது, இனி அரசும் குடிமகனும் நேருக்கு நேர் என்கிறார்கள். ஆட்சியாளர்கள் மட்டும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். நம் அறிவுஜீவிகளும் சொல்கிறார்கள். இதில் இடது வலது பேதம் இல்லை. தொழில்நுட்பம் கத்தி மாதிரி, பிடிக்கிற கையைப் பொறுத்தது என்ற தேய்ந்துபோன உவமையை வைத்துக்கொண்டு, யோசிக்க வேண்டிய இடத்தைச் சௌகரியமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பார்த்த ஒன்றைச் சொல்லிவிட்டு விவாதத்துக்கு வருகிறேன்.

பாலவனத்தத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், சீமைக்கருவேல் மண்டிய ஒரு கண்மாய். 2023ஆம் வருஷக் கோடை. நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. தனிநபர் பணிகள் நீங்கலாக மற்ற எல்லா வேலைத்தளங்களிலும் வருகைப்பதிவு கைபேசிச் செயலி வழியாகத்தான் என்று அந்த வருஷம் ஜனவரி 1 முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியிருந்தது. நாளுக்கு இரண்டு தடவை, இடக்குறியோடு படம் எடுத்து ஏற்ற வேண்டும். அன்று இரண்டாவது படம் ஏறவில்லை. பொறுப்பாளராக இருந்த பெண் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி கரைமேல் அங்குமிங்கும் நடந்து பார்த்தாள். ஒரு கிழவி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

“நான் இங்கனதான நிக்கேன். காலைலருந்து நீ பாக்கலையா?”

“நான் பாத்தேன் ஆத்தா. அது பாக்கலையே.”

“அப்ப நான் யாருட்டப் போயிச் சண்டை போட?”

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பொறுப்பாளர் பெண் நல்லவள், கிழவியின் தெருக்காரி. ஆனால் அவள் கண்ணுக்கு இப்போது மதிப்பில்லை. பார்த்த மனுஷி சாட்சி இல்லை; பார்க்காத யந்திரம் சாட்சி.

ஜனநாயகம் பற்றிய சித்தாந்தங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனதில்லை. மக்களின் இறையாண்மையை இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது என்றார் ரூஸோ, 1762இல். தலைவர்கள் ஓட்டுக்குப் போட்டியிடும் ஏற்பாடு, அவ்வளவுதான் என்று 1942இல் ஷும்பீட்டர் அதைச் சுருக்கினார். இருவருக்கும் இடையே எவ்வளவோ தூரம். ஆனால் ஒரு விஷயத்தை இருவருமே சொல்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது: ஆளுகிறவனை ஆளப்படுகிறவன் பார்க்க முடியும், கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பான். இதை வெளிப்படையாகப் பேசியவர் இத்தாலியச் சிந்தனையாளர் நொர்பெர்த்தோ பொப்பியோ. ஜனநாயகம் என்பது கண்ணுக்குத் தெரியும் அதிகாரம் என்பது 1984இல் அவர் வைத்த வாதம். கணினி நினைவகங்கள் வளர்ந்தால், குடிகள் அதிகாரத்தைக் கண்காணிப்பதற்குப் பதிலாக அதிகாரம் குடிகளைக் கண்காணிக்கும் நிலை வரும் என்ற கவலையும் அப்போதே அவருக்கு இருந்தது. நம் கண்மாய்க்கரையில் அது வந்து சேர்ந்துவிட்டது.

காகிதப் பதிவேட்டுக் காலம் பொற்காலமா என்று கேட்பார்கள். இல்லை. வேலைக்கு வராதவன் பெயரிலும் செத்தவன் பெயரிலும் கூலி எழுதித் தின்றார்கள். ஆனால் அந்தக் களவை உடைத்தது எது? 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் கிராமம் கிராமமாகக் கூட்டம் போட்டு, அரசாங்கத்தின் வருகைப்பட்டியலை உரக்க வாசித்துக் காட்டியது. பெயர் வாசிக்கப்பட்டவன் கூட்டத்திலிருந்து எழுந்து, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்றான். அவ்வளவுதான். 2005இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. அதே வருஷம் வந்த வேலை உறுதிச் சட்டமும் 17ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கையில் கொடுத்தது. களவுக்கு மருந்து காதும் வாயும்தான் என்று தெரிந்திருந்தும் நாம் காமிராவை வாங்கினோம்.

காமிராவாவது களவைப் பிடித்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று. பரிகாரம்? படங்களை அதிகாரிகள் மேலும் சரிபார்க்க வேண்டும். களவும் நிற்கவில்லை, கிழவிக்குச் சண்டை போட ஆளும் இல்லை.

குடவோலை குடவோலை என்று மார்தட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு ஜனநாயக சாஸனம் அல்ல. நிலமும் வேதப்படிப்பும் உள்ள ஆண்களுக்குள் நடந்த ஏற்பாடு. பெருமைப்பட அதில் ஏதாவது உண்டென்றால் முறைதான். குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத பாலகன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிறவன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்க வாசிக்க வேண்டும். தங்களுக்குள்ளேயே அவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கையை முறையாக்கி வைத்தார்கள். 2009 மார்ச்சில் ஜெர்மனியின் அரசியல் சாஸன நீதிமன்றம், விசேஷ ஞானம் இல்லாத சாதாரணப் பிரஜையும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே வாக்கு யந்திரங்கள் பயன்பட்ட விதம் அரசியல் சாஸனத்துக்கு விரோதம் என்றது. இங்கே, எல்லா ஒப்புகைச் சீட்டுகளையும் சரிபார்க்கக் கோரிய மனுக்களை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. நம் யந்திரத்தில் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. மோசடி இல்லை என்பதை நிபுணன் சொல்லி நான் நம்ப வேண்டியிருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். நம்பிக்கை பக்தனுக்கு வேண்டிய குணம். பிரஜைக்கு வேண்டியது சந்தேகப்படும் வசதி.

இலக்கியக்காரர்களுக்குப் பாலவனத்தம் என்றால் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட ஜமீன்தார். அவர் தமிழ்த் தொண்டில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஜமீன் முறை என்பது என்ன? கணக்கு கணக்குப்பிள்ளையிடம் இருக்கும், குடியானவன் கட்டிவிட்டுப் போக வேண்டும். 1948இன் சட்டம் ஜமீனை ஒழித்தது. கணக்கைப் பார்க்கும் பழக்கம் இங்கே வேர்பிடிப்பதற்குள் கணக்கு மறுபடி நம் கையைவிட்டுப் போகிறது. அன்றைய கணக்குப்பிள்ளைக்கு முகமாவது இருந்தது. திண்ணைக்குப் போய்த் திட்டிவிட்டாவது வரலாம்.

யந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. அது எழுதுகிற ஒவ்வொரு பெயரையும், எழுதாமல் விட்ட ஒவ்வொரு பெயரையும் ஊர் மந்தையில் உரக்க வாசிக்கட்டும். ஏறாத படத்துக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் அங்கே நிற்கட்டும். கிழவி வேலை செய்ததைப் பார்த்த நாற்பது பேர் சொல்வது, பார்க்காத கருவி சொல்வதை ரத்து செய்யட்டும். இதற்குச் சம்மதிக்காதவர்கள் தங்கள் ஏற்பாட்டுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.