சின்ன மில்லிங் மெஷினில் பெரிய வைஸ் பொருத்தலாமா?

கேள்வி: "வீட்டுப் பட்டறைக்காகச் சிறிய மில்லிங் மெஷின் ஒன்று வாங்கினோம். மேசை அகலம் 92 மி.மீ., நீளம் 390 மி.மீ. பழைய இரும்புக் கடையில் 6 அங்குல மில்லிங் வைஸ் எடை போட்டு மலிவாகக் கிடைத்தது. சுழலும் அடித்தட்டோடு 28 கிலோ இருக்கிறது. பவர் வீடரின் 25 மி.மீ. தண்டில் சாவிப் பள்ளம் தேய்ந்துபோய்விட்டது. லேத்துப் பட்டறையில் புதுத் தண்டு கடைந்து கொடுத்துவிட்டார்கள். பள்ளம் வெட்ட ஒரு வாரம் ஆகுமாம். கத்தரியிலும் வெண்டையிலும் களை ஏறிக்கொண்டே போகிறது. இந்த வைஸைப் பொருத்தி வீட்டிலேயே வெட்டலாமா? தறி வேலை பார்க்கும் என் அண்ணன், 'மெஷினை விட வைஸ் பெருசா இருக்கே, வேணாம்ப்பா' என்கிறார்."

- வாசகர், திருப்புட்குழி.

பதில்: அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய வைஸ் என்றால் பிடி பலமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிடியைத் தாங்கும் மேசையும் நகரும் தூரமும் சிறிய மெஷினில் கிடையாது. வாங்குவதற்கு முன்பே மூன்று அளவுகளைப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, உயரம். மேசைக்கும் சுழலும் முனைக்கும் நடுவே 270 மி.மீ. இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். டிரில் சக் 90 மி.மீ., அதில் நீட்டிக்கொண்டிருக்கும் டிரில் 100 மி.மீ. ஆக 190 போனால் மிச்சம் 80 மி.மீ. பெரிய வைஸில் பொருள் உட்காரும் தளம் அடித்தட்டோடு சேர்ந்து 110 மி.மீ. உயரத்தில் இருந்தால் டிரில்லே உள்ளே நுழையாது. அடித்தட்டைக் கழற்றினால் தளம் 70 மி.மீ.க்கு இறங்கும். அப்போதும் 10 மி.மீ.தான் மிஞ்சும். காலெட்டில் மாட்டிய எண்ட் மில் 50 மி.மீ.தான் நீட்டும் என்பதால் பள்ளம் வெட்ட இடம் இருக்கும்; துளை போட இருக்காது.

இரண்டாவது, முன்பின் நகர்வு. இந்த அளவு மெஷின்களில் இது 100 மி.மீ. சுற்றளவில்தான் இருக்கும். 370 மி.மீ. நீளமுள்ள வைஸைக் குறுக்கே வைத்தால் 92 மி.மீ. மேசைக்கு வெளியே 278 மி.மீ. தொங்கும். மேசை முழுதாகப் பின்னால் போவதற்குள் வைஸின் முதுகு தூணில் இடித்துவிடும்.

மூன்றாவது, எடை. மெஷினே ஐம்பது, அறுபது கிலோதான். அதன் மேசையில் 28 கிலோவை ஏற்றி ஓரத்துக்கு நகர்த்தினால் மேசை ஒரு பக்கம் சாயும். சறுக்குப் பாதையும், அதை இறுக்கிப் பிடிக்கும் கிப் பட்டையும் சீக்கிரம் தேயும். பிறகு சிறிய வைஸ் போட்டாலும் வெட்டு நேராக வராது.

பெரிய வைஸைத்தான் பொருத்த வேண்டும் என்றால்

அடித்தட்டைக் கழற்றிவிட்டு, வைஸை மேசையின் நீளவாக்கில் படுக்க வைக்க வேண்டும். அப்போதும் இரண்டு பக்கமும் சுமார் 29 மி.மீ. வெளியே நிற்கும். பக்கவாட்டுக் காடிகளும் மேசைக்கு வெளியே போய்விடுவதால் கிளாம்ப் எட்டாது. நடுவே 16 மி.மீ. இரும்புத் தகடு ஒன்று தேவைப்படும். அதன் இரு முகமும் கிரைண்டிங் செய்து சமமாக்கப்பட்டிருக்க வேண்டும். தகட்டை மேசையோடும், வைஸைத் தகட்டோடும் தனித்தனியாக இறுக்க வேண்டும்.

300-க்கு 160 மி.மீ. தகடு மட்டும் 6 கிலோ இருக்கும். அடித்தட்டு இல்லாத வைஸ் 20 கிலோ என்றால், மொத்தம் 26 கிலோ. கழற்றியதால் குறைந்த எடை ஏறக்குறைய திரும்பி வந்துவிடுகிறது. உயரமும் 16 மி.மீ. கூடுகிறது.

டி வடிவப் பள்ளத்தில் போடும் நட்டைத் துளைத்துக்கொண்டு போல்ட் அடியில் முட்டக் கூடாது. முட்டினால் இறுக்க இறுக்க நட்டு மேலே தூக்கி, வார்ப்பிரும்பு உதடு உடைந்துவிடும். உடைந்த மேசையைச் சரிசெய்வது லேசான காரியம் அல்ல. மாட்டிய பிறகு, மின்சாரம் கொடுக்கும் முன், கைச்சக்கரத்தை எல்லா முனைவரைக்கும் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். டயல் கேஜ் வைத்து வைஸின் நிலைத் தாடை நேராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போதைய வேலைக்கு வைஸே வேண்டாம்

தண்டில் பள்ளம் வெட்ட எளிய வழி மேசையிலேயே இருக்கிறது. நடு டி பள்ளத்தின் மேல் வாய் 12 மி.மீ. என்றால், 25 மி.மீ. தண்டு அதன் இரு விளிம்புகளிலும் ஒன்றரை மி.மீ. இறங்கி அசையாமல் உட்காரும். பள்ளம் மேசை நகரும் திசையிலேயே இருப்பதால் தண்டும் தானாக நேராகிவிடும். இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும்.

25 மி.மீ. தண்டுக்கு 8 மி.மீ. அகலச் சாவிதான் அளவு. தண்டில் பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ. இதற்கு 8 மி.மீ. எண்ட் மில் வேண்டும். அதைக் காலெட்டில்தான் மாட்ட வேண்டும். டிரில் சக் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. நழுவிக் கீழே விழவும் கூடும்.

நடுவைப் பிடிக்க, மெல்லிய காகிதத் துண்டைத் தண்டின் பக்கத்தில் ஒட்டி, சுழலும் எண்ட் மில்லை மெதுவாக அருகே கொண்டுவர வேண்டும். காகிதம் உரசியதும் நிறுத்தி, எண்ட் மில்லை மேலே தூக்கி, மேசையை 16.6 மி.மீ. நகர்த்தினால் நடு வந்துவிடும். தண்டின் பாதி 12.5, எண்ட் மில்லின் பாதி 4, காகிதம் 0.1 என்பது கணக்கு. திருகின் ஆட்டம் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, இரண்டு முறையும் ஒரே திசையிலிருந்து வர வேண்டும்.

அதிவேக எஃகு எண்ட் மில் என்றால் நிமிடத்துக்கு 800 சுற்று போதும். ஒரு தடவைக்கு அரை மி.மீ. வீதம் எட்டு தடவையில் 4 மி.மீ. வந்துவிடும். அவசரப்பட்டு ஒரே தடவையில் இறக்கினால் எண்ட் மில் உடையும். தண்டு கிளாம்பிலிருந்து பறந்தால் ஆளுக்கும் காயம். கண்ணாடி போட வேண்டும். கையுறை, தோளில் துண்டு, தொளதொளத்த கை வைத்த சட்டை ஆகாது. மெஷின் சுற்றும்போது சுருளைக் கையால் தள்ளக் கூடாது. நின்ற பிறகு பிரஷ்ஷால் தள்ள வேண்டும்.

தண்டில் மாட்டும் பல்சக்கரத்தின் உள்பள்ளமும் தேய்ந்திருந்தால், அதை மில்லிங் மெஷினில் வெட்ட முடியாது. ஸ்லாட்டிங் மெஷின் உள்ள பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். தண்டை முடித்துவிட்டு அதை மட்டும் கொண்டுபோனால் காத்திருப்பு குறையும்.

இனி வாங்குவதென்றால், மேசை அகலத்துக்கு மிஞ்சாத 3 அங்குல டூல்மேக்கர் வைஸ் பொருத்தம். எடையும் குறைவாக இருக்கும். 6 அங்குல வைஸை விற்க வேண்டியதில்லை. கனமான மர பெஞ்சில் போல்ட் போட்டு வைத்தால், அறுக்கவும் அரம் போடவும் ஆயுசுக்கும் உதவும். அதன் மேல் சுத்தியல் அடி மட்டும் கூடாது; வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.