மணல் வீடும் மனை வீடும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. 2007ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், எறிகணைகளுக்கு அஞ்சிப் படுவான்கரை மக்கள் பல்லாயிரவர் எழுவான்கரைக்கு ஓடிவந்தனர். முகாம்களில் அவர்களுக்கு அரிசி அளந்தோம். மாவும் பருப்பும் அளந்தோம். ஆனால், கூடாரத்து ஓரத்திலே ஈரமணலைக் குவித்து, விட்டுவந்த வீட்டைக் கட்டி விளையாடும் குழந்தைக்கு வேண்டியது யாது என எவர் கணக்கெடுத்தார்?

“வயிறு காயும்போது விளையாட்டு ஒரு கேடா?” என்பர் சிலர். இதற்கு விடை சட்டத்திலேயே உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிசெய்தது. விளையாட்டும் கலையும் குழந்தையின் உரிமை என்பது அதன் 31ஆம் உறுப்புரை. போரால் நலிந்த குழந்தையின் உடலும் உள்ளமும் தேற வழிசெய்வது அரசின் கடன் என்பது 39ஆம் உறுப்புரை. உரிமையைப் பிச்சையென எவர் கூற முடியும்?

இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. போர் நடந்துகொண்டிருந்த 1996இலேயே மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா மலர்ந்தது. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அதனைத் தொடங்கினர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாயிருந்து களிமண் பிசைந்தனர்; வண்ணம் தீட்டினர்; கதை புனைந்து நடித்தனர். 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் சிந்திய குருதியின் நினைவு ஆறாத மண்ணில், அப்பிள்ளைகள் ஒரே கதைக்குள் குடியிருந்தனர்!

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கற்பனை, குழந்தை தானே தேடிக்கொண்ட புகலிடம்; நாம் கொடுத்த வீடன்று. “முகாமிலும் பிள்ளைகள் சிரிக்கின்றனரே!” எனப் படம்பிடித்துக் காட்டி, மீள்குடியேற்றத்தைத் தள்ளிப்போடுவது அநீதி. மணல் வீட்டைக் காட்டி மனை வீட்டை மறுப்பதா?

போர் 2009இல் ஓய்ந்தது. எனினும் பெருவெள்ளம் வரும்போதெல்லாம் பாடசாலைகள் இன்றும் தங்குமிடங்களாகின்றன. ஆதலின் நிவாரணப் பட்டியலில், அரிசிக்கு அடுத்த வரியிலே, களிமண்ணும் வண்ணமும் கதைசொல்ல ஓர் ஆளும் இடம்பெறல் வேண்டும். இரக்கத்தின் பேரால் அன்று, உரிமையின் பேரால்! இழந்த வீட்டை மீட்டுத் தருவது நம் கடன். அதுவரை, அவ்வீட்டைத் தன் நெஞ்சிலே கட்டிக் காக்கும் பிள்ளைக்குத் துணைநிற்பதும் நம் கடனே.