பிணை வழங்கிய பின்னும் பூட்டிய கதவு

நீதிபதி கையொப்பம் இட்டுவிட்டார், பிணை வழங்கப்பட்டுவிட்டது. ஆயினும் கைதி அன்று மாலை வீடு திரும்புவதில்லை. அடுத்த வாரமும் திரும்புவதில்லை. குறிப்பிட்ட தொகைக்குச் சொந்தப் பிணைமுறி எழுதித் தருவதோடு அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும் கொடுக்க வேண்டும் என்னும் ஆணையின் கடைசி வரி அவரைத் தடுத்து நிறுத்துகிறது. அவ்விருவருள் ஒருவர் இரத்த உறவினராக இருத்தல் வேண்டும் எனச் சில ஆணைகள் இன்னும் இறுக்குகின்றன. வீட்டு வரி ரசீதும் குடும்ப அட்டையும் சொத்து மதிப்புச் சான்றும் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கூலியையும் இழந்து நீதிமன்றப் படியேறும் இருவர், குடிசையில் வாழ்பவருக்கு எங்கே கிடைப்பர்? வாடகை வீட்டில் இருப்பவரின் சுற்றமும் பெரும்பாலும் வாடகை வீட்டிலேயே இருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். நான்கில் மூன்று பங்கினர் தண்டனை பெறாமலே சிறையில் இருக்கும் நிலையை ஒரு நாகரிக நாடு இயல்பாகக் கொள்ளலாகாது. பிணை ஆணை வந்தும், நிபந்தனையை நிறைவேற்ற இயலாமல் கம்பிக்குப் பின்னே தங்கிவிட்டவர்களும் இக்கூட்டத்தில் அடக்கம். நம் கவலை இங்கே அவர்களைப் பற்றியது.

இது புதிதாக முளைத்த குறையன்று. 1978இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் என்னும் கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே பிணை வழங்கியது. கீழமை நீதிமன்றமோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. உடன்பிறந்தவர் முன்வந்தார்; அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஏற்க மறுத்தது. கொத்தனார் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணைமுறியில் அவரை விடுவித்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதாகும் தமிழனும் மலையாளியும் அங்கே சொத்துள்ள பிணையாளரை எவ்வாறு தேடிப் பிடிப்பார்கள் என்று அத்தீர்ப்பில் கேட்டார். அவர் 1948இல் தாமே சிறையில் இருந்தவர். 1957இன் கேரள அமைச்சரவையில் சிறைத்துறையைப் பொறுப்பேற்று நடத்தியவர். சிறையின் இரு பக்கத்தையும் கண்ட ஒருவரின் கேள்வி அது.

அக்கேள்வி இன்று நம் வாயிலுக்கே திரும்பி வந்துள்ளது. திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும், திருப்பெரும்புதூரின் ஆலைகளிலும், சென்னையின் கட்டடப் பணியிடங்களிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பல்லாயிரவர் உழைக்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஒரு சிறு வழக்கில் சிக்கினால், உள்ளூரில் சொத்துள்ள இருவரை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? ஊரில் இருக்கும் தாயும் தந்தையும் இரண்டு நாள் இரயில் பயணம் செய்து வந்தாலும், அவர்களுடைய காணி வேறு மாநிலத்தில் இருக்கிறது.

சட்டம் கொடியது என்று பழிப்பதற்கில்லை. பிணைத்தொகை அளவுக்கு மீறியதாக இருத்தலாகாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 484ஆம் பிரிவு கூறுகிறது. பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் பிணையாளரைத் தர இயலாவிடில் அவரை வறியவராகவே கொள்ள வேண்டும் என்கிறது 478ஆம் பிரிவு. 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் இதற்கும் அப்பால் சென்றது. பிணை ஆணையின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குச் செல்ல வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியேறாவிடில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தும் பிணைமுறி தரப்படாவிடில் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி எண்ணிப் பார்க்கலாம் என்று அது அறிவுறுத்தியது. உள்ளூர்ப் பிணையாளரை வலியுறுத்துவதையும் கண்டித்தது. 2024 ஆகஸ்டில், 13 வழக்குகளில் பிணை பெற்றும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிணையாளரைத் தர முடியாமல் தவித்தவருக்கு, ஒரே பிணையாளர்கள் பல வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று இசைவளித்தது.

ஒன்றிய அரசின் வறிய கைதிகள் உதவித் திட்டம் விசாரணைக் கைதி ஒருவருக்குப் பண உதவி தர வகை செய்கிறது. நல்ல எண்ணம்தான், ஐயமில்லை. ஆனால் ஆணை கேட்பது பணக்கட்டை அன்று, சான்றுகளோடு நேரில் வந்து நிற்கும் ஆளை. சொந்த பந்தம் இல்லாதவருக்கு அரசுக் கருவூலம் உறவினரை வாங்கித் தர இயலாது. ஆகவே மருந்து நிபந்தனையிலேயே தொடங்க வேண்டும்.

சொத்துள்ள பிணையாளர் இல்லையேல் குற்றம் சாட்டப்பட்டவர் தப்பியோடிவிடுவார் என்பர் சிலர். அஞ்ச வேண்டிய வழக்குகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்ற வளாகங்களில் கூலிக்கு ஜாமீன் நிற்போர் இருப்பதை வழக்கறிஞர் எவரும் அறிவார். முன்பின் அறியாத ஒருவர் கூலி பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுக்கும் உறுதி, ஓடிப்போகிறவரை எப்படிப் பிடித்து நிறுத்தும்? கடுமை எனக் கருதிப் போடப்படும் நிபந்தனை, ஏழையைப் பொய்யின் பக்கம் தள்ளிவிடுகிறது. மாறாக, ஒருவர் எத்தனை ஆண்டு ஓரிடத்தில் வாழ்கிறார், என்ன தொழில் செய்கிறார், குடும்பம் எங்கே உள்ளது, முன்பு வழக்கு உண்டா என்பவற்றை ஆராய்ந்து சொந்தப் பிணைமுறியில் விடலாம் என்று 1979ஆம் ஆண்டின் ஹுசைனாரா காத்தூன் வழக்கிலேயே நீதிபதி பகவதி வழி காட்டியிருக்கிறார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்கள் அந்த விவரங்களை நேரில் சென்று திரட்டித் தர முடியும்.

உயர் நீதிமன்றம் இதனைச் சுற்றறிக்கையாக ஒவ்வொரு நடுவர் மன்றத்துக்கும் அனுப்புதல் வேண்டும். பிணை பெற்றும் வெளியேறாதோர் பட்டியலைத் திங்கள்தோறும் முதல் வாரத்தில் சிறைக் கண்காணிப்பாளர் முதன்மை மாவட்ட நீதிபதிக்கு அளிக்க, அவ்வாரத்திலேயே அப்பெயர்கள் திறந்த நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக அழைக்கப்படுதல் வேண்டும்.