விலை எழுதாத கொப்பி

எங்கள் சந்திக் கடை அண்ணையிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. மட்டை கழன்று, சணலால் கட்டியது. அதில் எனக்கும் ஒரு பக்கம். அரிசி, சீனி, பருப்பு, பால்மா என்று மாதம் முழுக்க ஏறும், சம்பளத்தன்று வெட்டப்படும். 2022 ஜனவரியில் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்து அந்தக் கணக்கை மார்ச் கடைசியில்தான் கட்டினேன்.

கொப்பியில் 400 கிராம் பால்மா 540 ரூபாய் என்று இருந்தது. நான் காசை நீட்டிய அன்று அதே பக்கெட் 790. அண்ணை எண்ணி வாங்கி லாச்சிக்குள் போட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "மாஸ்டர், இந்தக் காசுக்கு எனக்கு ஒரு பக்கெட் வாங்கேலாது." அவருக்கு 250 ரூபாய் நட்டம், எனக்கு அவ்வளவும் லாபம். பொய், களவு எதுவும் நடக்கவில்லை. வழியில் ரூபாய் கரைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த மார்ச் 7ஆம் திகதிதான் மத்திய வங்கி டொலர் விலையின் மேலிருந்த பிடியைத் தளர்த்தியது. 200 சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்கு முந்திய கதை தெரிந்ததே: 2019 கடைசியில் வெட்டிய வரி, அச்சடித்த காசு, 2021இல் திடீரென்று நிறுத்திய இரசாயன உரம். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடே கைவிரித்தது. அந்த வாரம்தான் அண்ணையும் கொப்பியை மூடினார். அவரைக் கோபிக்க எனக்கு வாயில்லை.

அரசாங்கமும் என்னைப் போல ஒரு கடனாளி. ரூபாயில் வாங்கிய கடனெல்லாம் அந்த ஆண்டில் அதற்கு இலேசானது. கொடுத்தது யார்? பெரிய அளவில் ஊழியர் சேமலாப நிதியும். அதாவது தொழிலாளியின் முதுமைக் காசு. அந்த ஆண்டுக்கு நிதி போட்ட வட்டி நூற்றுக்கு 9. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8, உணவுக்கு மட்டும் 94.9. 790 ரூபாயை மறக்காத என் தலை இதை மட்டும் ஏன் அப்போது கணக்குப் பார்க்கவில்லையென்று எனக்கே விளங்கவில்லை.

கடையில் பேச்சும் மாறிற்று. "அரைக் கிலோ செத்தல் மிளகாய்" என்று கேட்டவர்கள் "நூறு ரூபாய்க்குத் தாங்கோ" என்றார்கள். தராசு சும்மா கிடக்க, அண்ணை கண்மதிப்பில் அள்ளிக் கடதாசியில் சுற்றினார். ஒரு கிழவி சுருளைக் கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மடியில் செருகிக்கொண்டு போனாள்.

2023 செப்டம்பர் பணவீக்கம் 1.3 என்று பேப்பரில் போட்டிருந்தது. கடையில் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப பழைய விலை வருமோ?"

"வராது அண்ணை. ஏறுற வேகம்தான் குறைஞ்சிருக்கு."

"அதுக்கே இவ்வளவு பெரிய எழுத்து?"

அண்ணை இப்போது மீண்டும் கடன் கொடுக்கிறார், புதுக் கொப்பியில். என் பக்கத்தைத் திருப்பி 'பால்மா 1' என்று எழுதினார். விலைக்குரிய இடத்தை வெறுமையாக விட்டார்.

"காசு தாற அண்டைக்குப் போடுவம், மாஸ்டர்."