குடிக்கூலியும் குடியுரிமையும்

2024 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 21 ஆந் திகதி ஜனாதிபதித் தேர்தல் நிகழ்ந்தது. அன்று விடியற்காலையிற் கொழும்புப் பேருந்தினின்று எங்கள் சந்தியில் இறங்கியோருள் என் பழைய மாணாக்கர் ஒருவரும் இருந்தார். தெகிவளையில் வாடகை வீடொன்றிலே ஏழாண்டுகளாக மனைவியோடும் மகளோடும் வாழ்பவர். இரவு முழுவதும் கண்விழித்து வந்து, வாக்கிட்டு, அன்று மாலையே திரும்பவேண்டியவர். “ஏன் தம்பி, வாக்கை அங்கேயே இடலாமே?” என்றேன். “அங்கே எனக்கு வீடு இருக்குது ஐயா, பெயர் இல்லை” என்றார்.

அவ்விடையை நான் பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டு வாடகையை நம் முன்னோர் குடிக்கூலி என்றனர். குடி என்னுஞ் சொல் வீட்டையும் குறிக்கும், குடும்பத்தையும் குறிக்கும், நாட்டில் உரிமையோடு வாழும் மகனையுங் குறிக்கும். மாதந்தோறும் கூலி தவறாது கொடுத்தும் குடியென்று எண்ணப்படாத ஒரு கூட்டம் இன்று நகரங்களிற் பெருகியிருக்கின்றது.

வாக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவது; பேருந்தேறிச் சமாளிக்கலாம். பாடசாலை அங்ஙனமன்று. முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது, பாடசாலைக்கு அண்மையில் வாழ்வோர் என்னும் பிரிவில், வாக்காளர் இடாப்பிலே பெற்றோர் பெயர் எத்தனை ஆண்டு தொடர்ந்து உள்ளது என்பதற்குப் புள்ளி உண்டு. வதிவிடத்தைக் காட்டும் உறுதிக்கும் புள்ளி உண்டு. மாணாக்கரின் மகளுக்கு அப்பொழுது நான்கு வயது நிரம்பியிருந்தது. வீட்டின் படலையிலிருந்து பார்த்தாற் பாடசாலையின் மதில் தெரியும். ஆயினும் கடதாசிக் கணக்கில் அக்குடும்பம் அங்கே வாழவே இல்லை.

வீட்டுக்காரர் தீயவரோ எனின், அல்லர். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், நம்மவர், பண்டிகை நாளிற் பலகாரத் தட்டோடு மாடியினின்று இறங்கி வருபவர். கிராம உத்தியோகத்தர் வாக்காளர் படிவத்தைக் கொணரும்போது மட்டும் கையை இறுக்கிக்கொள்வார். “தம்பி, வீட்டைத் தந்தன், பெயரை மட்டும் கேளாதையும்” என்பாராம்.

அவருடைய அச்சத்துக்கு வேர் உண்டு. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு வரம்பு கட்டியது. குடியிருப்போரை எழுப்புதலை அரிதாக்கியது. அடுத்த ஆண்டு வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், அளவுக்கு மேற்பட்ட வீடுகளை அரசு கையேற்று, அவற்றிற் குடியிருந்தோர் வாங்குதற்கு வழி செய்தது. வீடற்றோர்க்கு அவை நிழல் தந்தன என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயின் ஒரேயொரு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அதனை மீட்க நெடுங்காலம் வழக்காடினோரும் உளர். இவ்வீட்டுக்காரரின் தந்தையார் அவருள் ஒருவர். வழக்கு முடியுமுன் அவர் முடிந்துபோனார். பின்னர் 1980 இலும் 2002 இலும் வந்த திருத்தங்கள் பல வீடுகளை அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்விட்டன. சட்டம் விலகிய இடத்திலும் அச்சம் விலகவில்லை.

இதில் நகைப்புக்குரியது ஒன்றுண்டு. எழுத்துக்கு அஞ்சும் வீட்டுக்காரரைக் காப்பதே எழுத்துத்தான். நீண்டகால ஆட்சியால் உரிமை பெறுதல் பற்றிய 1871 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்தாண்டு ஆண்டேன் என்று ஒருவன் காணி கோருவதாயின், உடையவனுக்கு மாறாக, அவன் உரிமையை ஒப்புக்கொள்ளாது ஆண்டிருத்தல் வேண்டும். வாடகை கொடுப்பவனோ மாதந்தோறும் உடையவனை உடையவனென்று ஒப்புக்கொள்கின்றான். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 116 ஆம் பிரிவும், குடியிருப்பவன் தன்னைக் குடியேற்றினவரின் உரிமையை மறுத்துரைக்க இடங்கொடாது. கையொப்பமிட்ட குத்தகை உறுதி பெட்டியில் இருக்குமாயின் வீட்டுக்காரர் அமைதியாகத் துயிலலாம். வாக்காளர் இடாப்பிற் பெயர் ஏறுதலால் மட்டும் எவனும் வீட்டுக்கு உடையவன் ஆவதில்லை.

ஆயின் எவ்வெழுத்தும் எழுத்தாகாது. கடையில் வாங்கிய அச்சுத்தாளிலே இரண்டாண்டு என்று நிரப்பி, சமாதான நீதவான் ஒருவரிடம் முத்திரை பெற்றுத் திருப்தியடைவோர் பலர். 1840 ஆம் ஆண்டிற் பிறந்து இன்றும் உயிரோடிருக்கும் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டமோ, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும் என்கின்றது. அஃதில்லையேல், வாடகை கொடுத்து வாழ்பவர் மாதக் குடியிருப்பாளராகவே கொள்ளப்படுவர். வாடகைச் சட்டத்துக்குப் புறம்பான வீடாயின் ஒரு மாத அறிவித்தலோடு எழும்பச் சொல்லலாம். நொத்தாரிசுக்குச் செலவாகுமே என்பர். 2022 ஆம் ஆண்டு செப்ரெம்பரிற் கொழும்பிற் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆகியபோது, வாய்ச்சொல்லை நம்பியிருந்த என் அயலவர் இருவர் இடைநடுவிற் கூட்டிக் கேட்ட வாடகையைக் கொடுக்க இயலாது வீடு மாறினர். உறுதி எழுதியிருந்த மூன்றாமவர் எழுதிய தொகையையே தவணை முடியும்வரை கொடுத்தார்.

குடியிருப்போர் பக்கமும் குறை இல்லாமலில்லை. பற்றுச்சீட்டுக் கேட்டல் மரியாதைக் குறைவென்று எண்ணுகின்றோம். வாடகையை வங்கி மூலம் செலுத்தினால் அதுவே சாட்சியாகும். குடிபுகும் நாளிற் சுவர் வெடிப்பையும் குழாய்க் கசிவையும் மின்மானி, நீர்மானி அளவுகளையும் எழுதி இருவரும் ஒப்பமிட்டால், முற்பணத்தைத் திருப்பும் நாளில் முகம் சுளிக்க நேராது. ஒழுகும் ஓட்டை மழை முடிந்தபின் அறிவிப்பவன் நல்ல குடியிருப்பாளன் அல்லன்.

பெயர் பதிதற்கு நம்மவர் பின்வாங்குதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் தகாது. 2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆந் திகதி விடியுமுன், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரினின்று வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அக்காலத்தில் நான் பரீட்சை வேலையாக வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தேன். பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே துயின்றவன். பெயர் எழுதப்பட்ட இடமெல்லாம் ஆபத்தாகத் தோன்றிய காலம் அது. அப்பழக்கம் எலும்பில் ஊறிவிட்டது. இன்றும் படிவத்தைக் கண்டால் என் கை சற்றுத் தயங்குகின்றது. ஆனால் அன்று பதிவு நம்மைத் தேடி வந்தது. இன்று நாம் அதனைத் தேடிப் போகாவிடின் இழப்பது நம் பிள்ளைகளே.

2025 ஆம் ஆண்டு விடுமுறையிற் கொழும்பு சென்றபோது மாணாக்கரோடு வீட்டுக்காரரைக் கண்டேன். மேற்சொன்னவற்றை அவருக்குச் சொன்னேன். நெடுநேரம் தம் தந்தையாரின் வழக்கைப் பற்றியே பேசினார். நான் குறுக்கிடவில்லை. இறுதியில், “உறுதியில நான்தான் உடையவன் எண்டு அவர் எழுதித் தருவாரோ?” என்று கேட்டார். “அதுதானே ஐயா உறுதியின்ர முதல் வரி” என்றார் மாணாக்கர். இரண்டாண்டுக் குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டுக் காணிப் பதிவகத்திலும் பதியப்பட்டது. கணவன் மனைவி இருவர் பெயரையும் வீட்டுக்காரரே படிவத்தில் எழுதினார்.

ஆயினும் கழிந்த ஆண்டுகளுக்குப் புள்ளி இல்லை. மதில் தெரியும் பாடசாலையில் மகளுக்கு இடங்கிடைக்கவில்லை. இப்பொழுது அவள் காலை ஆறு மணிக்கு முன்னரே வானில் ஏறி வேறோரிடம் போகின்றாள். இளையவன் பிறந்து எட்டு மாதமாகின்றது.